எத்தனை வாரம் என்று முதலில் கேட்ட பயண அலுவலகம்

வயிற்றில் 22 வாரக் குழந்தையோடு அந்தமான் போய்விட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. கிளம்புவதற்கு முன் தமிழில் தேடித் தேடிப் படித்தேன். பாதிப் பேர் வாசற்படி தாண்டாதே என்றார்கள். மீதிப் பேர் கடற்கரையில் நின்று எடுத்த படங்களைப் போட்டிருந்தார்கள். அந்தத் தீவில் ராத்திரி வயிறு வலித்தால் எங்கே போவது என்று யாருமே எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான்.

அதற்குப் பதில் தேடிக் கொடுத்த அலுவலகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சேலம் பேர்லேண்ட்ஸில் ஒரு மாடிப்படி ஏறினால் சின்ன அறை, இரண்டு மேசை, சுவரில் பழைய உலகப் படம். ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா தனியாக நடத்துகிறார். பெயரைப் போடாதே என்று கேட்டுக்கொண்டார். "நான் ஒருத்தி கண்ணு. மாசத்துக்குப் பத்துக் குடும்பத்துக்கு மேல எடுத்தா ஒழுங்கா பாத்துக்க முடியாது" என்றார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, அவர் வேலை செய்த விதம் தெரிந்தால் நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதையே கேட்டு வாங்கலாம்.

எங்கள் வீடு ஏற்காட்டில், ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகிற வழியில். நான் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். கணவர் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருடம். முதலில் தங்கியது ஒன்பதாவது வாரத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து இது. இருபதாவது வாரத்து ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், "எங்கயாவது கடல் இருக்கற ஊருக்குப் போலாங்க" என்று கேட்டேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். கடலைப் பார்த்தது மொத்தமே மூன்று தடவை.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "வயித்துப் புள்ளக்காரி கடல் தாண்டலாமா" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருடைய அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, பிரசவ நாள் நெருங்கிய பெண் யாராவது மேலே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஊரே பதைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய ஊரில் இருக்கிறவர்களுக்கு, தூரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் போனது வேறு ஓர் அலுவலகம். பெரியது, ஏசி போட்டது, மேசைக்கு மேசை டேப்லெட். கர்ப்பமாக இருக்கிறேன் என்றதும் அந்தத் தம்பி முகம் மலர்ந்து, அதற்கென்றே தனிப் பேக்கேஜ் இருப்பதாகச் சொல்லி மாலத்தீவுப் படங்களைக் காட்டினார். தண்ணீர் மேல் கட்டிய அறை, மிதக்கும் தட்டில் காலை உணவு, கடல் விமானத்தில் பயணம், ஒரு நாள் ஸ்கூபா. கர்ப்பிணி ஸ்கூபா செய்யலாமா என்று கேட்டேன். "லைட்டா பண்ணலாம் மேடம்" என்றார். பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா என்றதற்கு, "ஏர் ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கு மேடம், நீங்க கவலைப்படாதீங்க." எத்தனை வாரம் என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை லட்சம் என்று இரண்டு முறை கேட்டார்.

ஸ்கூபாவில் லேசாக என்று ஒன்று கிடையாது. ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகும். பெரியவர்களுக்கு நுரையீரல் அதை வடிகட்டிவிடும். வயிற்றுக் குழந்தைக்கு அந்த வழி இல்லை. கர்ப்ப காலம் முழுக்கவே கூடாது என்பது என் டாக்டர் சொன்ன முதல் விஷயம். பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுகிற இடத்தில் இதைக்கூடத் தெரிந்து வைத்திருக்கவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் அக்காவிடம் போனோம். கணவரோடு கார் ஓட்டுகிற ஒருவர் சொல்லி அனுப்பினார். உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாரம்?" இரண்டாவது, "ஸ்கேன்ல நஞ்சுக்கொடி மேல இருக்கா, கீழ இருக்கா?" மூன்றாவது, "ரத்தம் என்ன குரூப்?" எந்த ஊர் போக ஆசை என்பது நான்காவதாகத்தான் வந்தது.

ஓ நெகட்டிவ் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். நம் நாட்டில் நெகட்டிவ் ரத்தம் நூறு பேரில் ஐந்து பேருக்கு இருந்தாலே அதிகம். அதோடு, கணவர் பாசிட்டிவ். வயிற்றில் அடிபட்டாலோ ரத்தம் கசிந்தாலோ 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த குழந்தைக்குச் சிக்கல். இது எனக்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஒரு பயண அலுவலகத்தில் இதைக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, நாலைந்து வருடத்துக்கு முன் 30 வாரப் பெண் ஒருவருக்கு டிக்கெட் போட்டு அனுப்பியதையும், டாக்டர் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் அவரைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னார். "அந்தப் பொண்ணு அழுத அழுகை இன்னிக்கும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் ஒரு டாக்டரம்மாகிட்ட போய் உக்காந்து, என்னென்ன கேக்கணும்னு எழுதி வாங்கிட்டு வந்தேன்" என்றார். அந்த நோட்டு மேசை மேலேயே இருந்தது, பழுப்பு அட்டை போட்டது.

விமான விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், ஆனால் பொதுவாக 28 வாரத்துக்கு மேல் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள், இரட்டைக் குழந்தை என்றால் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். 14-லிருந்து 28-க்குள் போய்வந்துவிடுவது நல்லது. வாந்தி அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பெரிதாகியிருக்காது. எனக்கு 22-தான் என்றாலும் சான்றிதழ் வாங்கச் சொன்னார். வாங்கியது நல்லதாயிற்று. சென்னையில் கவுன்டரில் இருந்த பெண் வயிற்றைப் பார்த்ததும் வாரத்தைக் கேட்டார். தாளை நீட்டினேன், ஒரு நிமிடத்தில் முடிந்தது.

மாலத்தீவா அந்தமானா என்ற பேச்சுதான் அன்றைக்கு நீளமாகப் போனது. இதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

மாலத்தீவு ஒரேயடியாகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. மாலே நகரத்தில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது, இந்தியா கட்டிக் கொடுத்தது. ஆனால் ரிசார்ட் தீவு அங்கிருந்து எவ்வளவு தூரம்? கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். ராத்திரி ஏதாவது என்றால் ஸ்பீடு போட்டில்தான் போக வேண்டும். அது அலை மேல் குதித்துக் குதித்துப் போகிறது, ஒவ்வொரு அடியும் இடுப்பில் இறங்கும். ஜிகா வைரஸும் அங்கே முன்பு பதிவாகியிருக்கிறது. கர்ப்பத்தில் ஜிகா வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கணவருக்கு வந்து அவர் மூலமாகவும் தொற்றும்.

அதோடு நிறுத்தியிருந்தால் அந்தமானை விற்கிறார் என்று நினைத்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை. "இப்ப அந்தமானோட குறையைக் கேளு. மாலத்தீவுல மலேரியா கிடையாது. 2015-லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு. இலங்கையும் அடுத்த வருஷம் அந்தச் சான்றிதழ வாங்கிருச்சு. அந்தமான்ல அப்படி இல்ல. நிக்கோபார் பக்கம் கூடுதல், மத்த தீவுல கம்மி. ஆனா இருக்கு. டெங்கு ரெண்டு பக்கமும் இருக்கு. உன் டாக்டர்கிட்ட இதைச் சொல்லி, அவங்க சரின்னா வா. இல்லன்னா விடு, அடுத்த வருஷம் குழந்தையைத் தூக்கிட்டுப் போ." தனக்கு வரவேண்டிய வேலை போனாலும் போகட்டும் என்று சொன்னவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

டாக்டர் சரி என்றார். ஹீமோகுளோபின் 11-க்கு மேல், பிரஷர் சரி, நஞ்சுக்கொடி மேலே, கர்ப்பப்பை வாய் நீளம் சரி. மலேரியாவுக்கு எனக்குத் தடுப்பு மாத்திரை வேண்டாம், கொசு கடிக்காமல் பார்த்துக்கொள், திரும்பி வந்தபின் காய்ச்சல் அடித்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் அந்தமான் போய்வந்ததைச் சொல்லி ரத்தம் பார் என்றார். இது எனக்குச் சொன்னது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

விமானத்தில் மூச்சு முட்டுமோ என்று எனக்கு ஓர் அச்சம் இருந்தது. அதற்கு டாக்டர் சொன்ன பதில் மனதுக்கு இதமாக இருந்தது. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 6,000-லிருந்து 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்களாம். ஏற்காடே கிட்டத்தட்ட 5,000 அடி. "சேர்வராயன் கோயிலுக்கு ஏறி இறங்கறவதானே நீ, இன்னும் கொஞ்சம் மேல போற, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு எல்லா ராத்திரியும் கடற்கரையிலேயே, ஹேவ்லாக் தீவில் இருக்க வேண்டும் என்று ஆசை. ஸ்வராஜ் தீவு என்று 2018-ல் பெயர் மாற்றினார்கள், வாய்க்கு வருவது இன்னும் ஹேவ்லாக்தான். அக்கா தாளில் ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் போர்ட் பிளேர், அந்தப் பக்கம் ஹேவ்லாக், நடுவில் கப்பல் ஒன்றரை மணி நேரம். போர்ட் பிளேர் மேல் ஜி.பி. பந்த் மருத்துவமனை என்று எழுதினார். ஹேவ்லாக் மேல் சின்ன அரசு சுகாதார நிலையம் என்று எழுதினார். அப்புறம் கோட்டின் மேல், "ராத்திரி பயணக் கப்பல் கிடையாது" என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் மலைப்பாதை கண்ணில் வந்தது. அதே கோடு, அதே ராத்திரி. மொத்தம் ஐந்து ராத்திரி, மூன்று போர்ட் பிளேரில், இரண்டு ஹேவ்லாக்கில் என்று முடிவு செய்தோம். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்து விடுதி எனக்குப் பிடித்திருந்தது. அவர் அதை விட்டுவிட்டு, சுகாதார நிலையத்துக்குக் காரில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய இடத்தில், தரைத்தளத்தில் அறை போட்டார்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயணக் காப்பீடு எடுத்துக்கொள்கிறோம் என்றதும் அந்தப் பாலிசியில் விலக்குகள் இருக்கிற பக்கத்தைப் பிரித்து, எழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்துக் காட்டினார். கர்ப்பம், பிரசவம் சார்ந்த சிகிச்சை சேராது என்று இருந்தது. பல பாலிசிகளில் அப்படித்தான் இருக்கிறதாம். எடுத்தால் பெட்டி தொலைந்ததற்கும் விமானம் ரத்தானதற்கும் எடு, வயிற்றுக்கு இது உதவும் என்று நம்பிக்கொண்டு போகாதே என்றார். நாங்கள் தனியாக 60,000 ரூபாயை வங்கியில் தொடாமல் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

பிப்ரவரியில் போனோம். காபிப் பழம் பறித்து முடிந்த நேரம், எஸ்டேட்டில் விடுப்பு கிடைத்தது. கணவருக்கும் கோடை சீசனுக்கு முன்னால் ஓய்வு. அங்கேயும் அந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும். மழைக்காலத்தில் போனால் அலை பெரிதாகிக் கப்பலை நிறுத்திவிடுவார்கள், தீவிலேயே மாட்டிக்கொள்வோம்.

முந்தின நாளே மலை இறங்கி, கமலாபுரத்தில் இருக்கிற சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னை போய், ராத்திரி அங்கே தங்கி நன்றாகத் தூங்கி, காலையில் விமானம் ஏறினோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டே கால் மணி நேரம். ஓர இருக்கை போட்டுக் கொடுத்திருந்தார், அடிக்கடி எழுந்து நடப்பதற்காக. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், காலை மடக்கி உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தக் கட்டி சேரலாம். அதற்காக டாக்டர் சொன்ன அழுத்தமான ஸ்டாக்கிங்ஸை ஆஸ்பத்திரி எதிரில் உள்ள சர்ஜிக்கல் கடையில் வாங்கினேன். காலையில் கால் வீங்குவதற்கு முன்னால் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து அளவு பார்க்க வேண்டும். நான் முதல் நாள் சாயங்காலம் போனபோது அந்தக் கடைக்காரம்மா, "நாளைக்குக் காலைல வாங்க" என்று திருப்பி அனுப்பினார். நல்ல கடை. சீட் பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல் தொப்புளுக்கு நன்றாகக் கீழே, இடுப்பெலும்பின் மேல் இழுத்துப் போட்டேன்.

போர்ட் பிளேரை 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள். இறங்கியதும் கிடைத்த டிரைவர் தமிழ்க்காரர். ஊரில் தமிழ் நன்றாகவே கேட்கிறது. சாப்பாட்டுக்கும் கவலையில்லை, மதியம் ரசமும் மோரும் கிடைத்தது. அக்கா எங்கெங்கே போக வேண்டாம் என்று பேனாவால் அடித்து வைத்திருந்தார். பாராடாங் வேண்டாம், காட்டுச் சாலையில் மணிக்கணக்கில் குலுங்கிப் போக வேண்டும். எலிஃபென்ட் பீச் வேண்டாம், படகு இல்லையென்றால் காட்டுக்குள் நடை. சிறைச்சாலையை, செல்லுலார் ஜெயிலை, கீழேயே சுற்றிப் பார், மாடிக்கு ஏறாதே. ராஸ் தீவில் பேட்டரி வண்டி இருக்கிறது, அதில் போ. எல்லாவற்றிலும் அவர் சொன்னபடி கேட்டேன், சிறைச்சாலை மாடியைத் தவிர. ஒரு மாடி ஏறி, ஓர் அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன். அதை விட மனம் வரவில்லை.

கொசு விஷயத்தில் நாங்கள் விடாப்பிடியாக இருந்தோம். டெங்கு, ஜிகா பரப்பும் கொசு பகலில் கடிப்பது, மலேரியாக் கொசு சாயங்காலத்திலிருந்து விடியும்வரை. ஆக, நேரம் பார்த்துப் பூசினால் ஆகாது. டீட் உள்ள களிம்பை டாக்டர் அனுமதித்திருந்தார். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்ததும் மேலே கொசுக் களிம்பு. முழுக்கைப் பருத்திச் சட்டை, வெளிர் நிறத்தில். கர்ப்பத்தில் வெயில் பட்டால் முகத்தில் மங்கு வரும் என்று அம்மா சொல்லிச் சொல்லி அனுப்பியதால் பெரிய தொப்பியும் வைத்துக்கொண்டேன். அம்மா சொன்னது சரிதான், டாக்டரும் அதையே சொன்னார்.

மீனை யோசித்துத்தான் சாப்பிட்டேன். சுறா வேண்டாம், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும். சூரை வாரத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பவளப்பாறைப் பக்கம் வாழும் பெரிய களவா, சீலா போன்றவற்றில் சில இடங்களில் ஒருவகை நச்சு சேரும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. அதனால் சின்ன மீனாக, சுடச்சுடப் பொரித்ததைச் சாப்பிட்டேன். ஐஸ் போட்ட ஜூஸ், வெட்டி வைத்த பழம் இரண்டையும் தொடவில்லை. கெட்ட தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்கு மஞ்சள் காமாலையாக வந்து போய்விடும், கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் உயிரையே எடுக்கும். இளநீர் மட்டும் கண்ட இடத்தில் எல்லாம் குடித்தேன், கண் முன்னால் வெட்டியதை.

இனி குறைகள். கப்பலில் எங்களுக்கு மேல்தளத்தில், முன்பக்கத்தில் இடம் போட்டிருந்தார். விலை கூடின இடம், நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கப்பலில் அதிகம் ஆடுவது முன்பக்கமும் உயரமான இடமும்தான். அமைதியான கடலிலேயே அரை மணி நேரத்தில் எனக்கு வயிறு புரட்டியது. ஊழியர் ஒருவர் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் காலியாக இருந்த இருக்கைக்கு மாற்றிவிட்டார், அதோடு சரியானது. கொண்டை ஊசி வளைவில் பழகின உடம்பு என்ற நம்பிக்கையில் வாந்தி மாத்திரையைக் காலையிலேயே போடாமல் விட்டது என் தவறு. திரும்பும்போது கேட்டே கீழ்த்தளம், நடுப்பகுதி வாங்கினோம்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. திரும்பி வந்த நாள் பிற்பகலில் சென்னையில் இறங்கினோம். சேலத்துக்கு ராத்திரி ரயில் போட்டிருந்தார். கர்ப்பிணிகளுக்கான ஒதுக்கீட்டில் கீழ்ப்படுக்கை வாங்கியது நல்ல காரியம், அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஆனால் நடுவில் ஏழு மணி நேரத்துக்கு மேல் எங்கே இருப்பது என்று யோசிக்கவில்லை. சென்ட்ரலில் காத்திருப்போர் அறையில் உட்கார்ந்தே இருந்ததில் கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. ஒரு சின்ன அறையைச் சில மணி நேரத்துக்குப் போட்டிருந்தால் போதும். போன் செய்து சொன்னேன். ஐயோ என்று ஒரு வார்த்தை சொன்னார், சாக்கு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் தன் கட்டணத்தில் பாதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

ஹேவ்லாக்கில் இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ராதாநகர் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். அந்தத் தண்ணீரின் நிறத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. வெயில் ஏறினதைக் கவனிக்காமல் பத்தரை மணிவரை இருந்துவிட்டேன். கொண்டுபோன தண்ணீர் பாட்டில் காரிலேயே கிடந்தது. அறைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் வயிறு கல் மாதிரி இறுகியது. விட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி இறுகியது. கணவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த ஒன்பதாவது வாரம் நினைவுக்கு வந்து கை நடுங்கியது.

அக்கா கொடுத்த தாள் கைப்பையில் இருந்தது. டிரைவர் எண், சுகாதார நிலையத்துக்கு வழி, என் டாக்டர் எண், ரத்தப் பிரிவு, கர்ப்பப் பதிவான பிக்மி எண், போர்ட் பிளேருக்கு அன்றைக்குக் கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு, ஆன்டி-டி எந்த மருந்துக் கடையில் இருப்பதாக விசாரித்து வைத்தது எல்லாம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில். கணவர் டாக்டரைக் கூப்பிட்டார். இடது பக்கமாகப் படுக்க வை, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டர் மெதுவாகக் குடிக்கக் கொடு, ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கிளம்பு, எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடு என்றார். உடம்பில் நீர் வற்றினால் கர்ப்பப்பை இப்படி இறுகுமாம். டிரைவர் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா இந்தியில் கேட்க, டிரைவர் தமிழில் சொல்ல, வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவிட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி டக்கு டக்கு என்று கேட்டது. நான் அழுதேன். அந்த நர்ஸம்மா என் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்தில் இறுக்கம் முழுதும் விட்டுவிட்டது.

அப்போது பகல் ஒரு மணிகூட ஆகவில்லை. பிப்ரவரியில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. நான் ஆசைப்பட்ட ராதாநகர் பக்கத்து விடுதியில் தங்கியிருந்து, இது சாயங்காலத்தில் நடந்திருந்தால் என்று யோசித்தபோதுதான் அக்கா எதற்காக இரண்டு ராத்திரிக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை என்பது உறைத்தது. மறுநாள் காலைக் கப்பலில் போர்ட் பிளேர் திரும்பி, மீதி நாட்களைக் கடலைப் பார்த்தபடி ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தேன். அதுவும் எனக்கு நிறைவாகவே இருந்தது.

இருவருக்கும் எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் ஆனது. அதில் அக்காவின் கட்டணம் 3,000. ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரை போடுகிறேன். அரை நட்சத்திரம் சென்ட்ரல் காத்திருப்பு அறைக்காகக் குறைத்தது. கப்பல் இருக்கைக்காகக் குறைக்கவில்லை, நான் சொன்னதும் அதை அந்தப் பழுப்பு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது 27 வாரம். அடுத்த வாரம் வழக்கமாகப் போடும் ஆன்டி-டி ஊசி. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை அந்தத் தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நம்ம மலைக்கும் ஒண்ணு எழுதி வெச்சா என்ன?" என்று கேட்டார். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம். ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய மூன்று டிரைவர்கள், அடிவாரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆகும் நேரம், மழை பெய்து பாதை அடைத்தால் குப்பனூர் வழி, ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்ட இரண்டு ஓ நெகட்டிவ்காரர்கள். கடைசி வரியை அத்தையே சொன்னார், நான் எழுதினேன்: வளைகாப்பு முடிந்ததும் சேலத்தில் அம்மா வீடு, அதற்கப்புறம் பிரசவம்வரை மலை ஏறுவதில்லை.